சங்கீதம் கேட்கும் வேளையில் ஒரு தம்ளர் பானம்

நாவில் படும் சுவையை மூளைக்கு அறிவிக்கும் நரம்புகளில் ஒன்று, நேர் வழியாக மேலேறிப் போகாமல், காதுக்குள் புகுந்து, செவிப்பறையின் உட்புறத்தை உரசினாற்போல் கடந்து, அங்குள்ள சிற்றெலும்புகளின் இடையே நுழைந்து வெளிவந்து, அதற்குப் பிறகே மூளையை நோக்கித் திரும்புகிறது என்பதை உடற்கூற்று நூல் ஒன்றில் முதன்முதலாகப் படித்த அன்று எனக்கு உண்டான ஆச்சரியம் இன்றுவரை தணிந்தபாடில்லை. பக்கத்துக்கு ஒன்றாக அமைந்த இந்த நரம்பே நாவின் முன்புறம் மூன்றில் இரண்டு பங்குக்கும் சுவைத் தூதுவன். லத்தீன் மொழியில் இதற்குக் 'கோர்டா டிம்பனி' என்று பெயர். 'பறையின் தந்தி' என்பது பொருள். பாலின் இனிப்பும் காப்பியின் கசப்பும் மூளைக்குச் செல்லும் வழியில், மிருதங்கத்தின் நாதத்தால் அதிர்ந்துகொண்டிருக்கும் அதே சவ்வை ஒட்டியே போகின்றன என்றால், சங்கீதம் கேட்டுக்கொண்டே ஏதேனும் பருகவேண்டும் என்று மனிதனுக்குத் தோன்றும் ஆசையை அற்ப ஆசை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

சபையில் காப்பி வேண்டுமானால் எழுந்து காண்டீனுக்குத்தான் போகவேண்டும். மார்கழிக் கச்சேரிகளில் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்தவுடன் நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாவதைக் கண்டு எத்தனையோ மிருதங்க வித்வான்கள் மனம் நொந்திருக்கிறார்கள். வீட்டில் அந்தப் பாவத்துக்கு இடமில்லை. ரேடியோவோ இசைத்தட்டோ பாடிக்கொண்டிருக்க, கைக்கெட்டும் தூரத்தில் தம்ளரை வைத்துக்கொண்டு, ஒரு சொல்லும் விடாமல் தனி ஆவர்த்தனத்தைக் கேட்கலாம். எந்தப் பானம், எந்த வேளையில் என்பதே கேள்வி. பலவற்றையும் பருகிப் பார்த்து, விஞ்ஞானிகள் கண்டறிந்தவற்றையும் படித்து ஒப்பிட்டதில், பானத்தின் ருசியைக் காட்டிலும் அதன் காலப் பிரமாணமே முக்கியம், அதாவது அது எப்போது சுடுகிறது, எப்போது ஆறுகிறது, எப்போது இரத்தத்தில் கலந்து வேலை செய்யத் தொடங்குகிறது என்பதே முக்கியம், என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். சங்கீதத்துக்குத் துணையாகப் பானம் பொருந்துவதுபோல் பலகாரம் பொருந்துவதில்லை. முறுக்கைக் கடிக்கும்போது எழும் சப்தம் காற்றின் வழியாக மட்டும் காதுக்கு வருவதில்லை. தாடை எலும்பும் மண்டை ஓடும் அதிர்ந்து, அந்த அதிர்வு நேராக உட்செவிக்கே போய்ச் சேர்கிறது. பக்கத்தில் இருப்பவருக்கு மெல்லிய 'நறுக்'காகக் கேட்பது, கடிப்பவருக்கு ஒரு பெரும் இரைச்சல். அந்த இரைச்சலில் வீணையின் கமகங்கள் மூழ்கிப்போகும். பானமோ ஒரு விழுங்கலோடு முடிந்துவிடுகிறது. அந்த விழுங்கலுங்கூடக் காதுக்கு ஓர் உபகாரம் செய்கிறது: தொண்டையின் மேற்பகுதியிலிருந்து நடுச்செவிக்குச் செல்லும் குழாய் ஒவ்வொரு விழுங்கலின்போதும் கணநேரம் திறந்து, செவிப்பறையின் இருபுறத்துக் காற்றழுத்தத்தையும் சமன்செய்கிறது. மலைப்பாதையில் பஸ் ஏறும்போது காது அடைத்துக்கொண்டால் நாம் எச்சிலை விழுங்குவது இதனால்தான்.

இனிக் காப்பிக்கு வருவோம். பித்தளை பில்டரின் மேல் பாத்திரத்தில் பொடியைப் போட்டு, மேலே தட்டை வைத்து இலேசாக அழுத்தி, கொதிக்கும் நீரை ஊற்றி மூடிவிட்டு, ரேடியோவுக்கு முன் வந்து உட்காரும் அந்தப் பத்துப் பதினைந்து நிமிஷம் வீணான காலமன்று. நீர் தன் எடையாலேயே பொடியின் ஊடாகக் கசிந்து இறங்குகிறது. பொடி எவ்வளவு நைஸாக இருக்கிறதோ அவ்வளவுக்கு இறக்கம் மந்தமாகும். சிக்கரி சேர்ந்திருந்தால் இன்னும் மந்தமாகும். எளிதில் கரையும் புளிப்புப் பொருள்கள் முதலில் இறங்குகின்றன. பிறகு இனிப்பும் மணமும் தருபவை. கடைசியில் கனத்த கசப்புப் பொருள்கள். அதனால்தான் முதல் டிகாக்ஷனுக்கு உள்ள மரியாதை இரண்டாம் டிகாக்ஷனுக்கு இல்லை. வறுத்த காப்பிக்கொட்டையில் மணம் தரும் ஆவிப் பொருள்கள் எண்ணூறுக்கு மேல் இனங்காணப்பட்டிருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை நாவுக்குத் தெரியாதவை; விழுங்கிய பிறகு தொண்டையின் பின்புறமாக மூக்குக்கு ஏறி அங்கேதான் அறியப்படுகின்றன. சளி பிடித்தவனுக்குக் காப்பி வெறும் கசப்பு நீராகிவிடுவது இதன் பிரத்தியட்ச நிரூபணம்.

அந்தப் பில்டர் இறங்கும் சப்தத்தை என்றாவது உற்றுக் கேட்டிருக்கிறீர்களா? கீழ்ப் பாத்திரம் காலியாயிருக்கும்போது துளிகள் உலோகத்தில் விழுந்து வறண்ட தட்டலாக ஒலிக்கின்றன. அரை அங்குலம் டிகாக்ஷன் சேர்ந்தபின் ஒலியின் குணமே மாறி, இடையிடையே 'ணுக்' என்று ஒரு கூரிய நாதம் பிறக்கிறது. இந்தக் கூரிய நாதம் துளி நீரில் மோதுவதால் எழுவது என்றுதான் எவரும் எண்ணுவர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துப் பொறியியலாளர் அனுராக் அகர்வால், பிரேஸில் தேசத்தில் ஒரு நண்பர் வீட்டில் தங்கியபோது, கூரை ஒழுக்கின் சொட்டுச் சொட்டான சப்தத்தால் உறக்கம் கெட்டு, அதன் காரணத்தை ஆராயத் துணிந்தார். அவரும் அவருடைய சகாக்களும் அதிவேகக் காமிராவையும் நீருக்குள் இடும் ஒலிவாங்கியையும் கொண்டு ஆராய்ந்து 2018-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு இது: மோதல் ஏறக்குறைய நிசப்தமானது, துளி விழுந்த குழி மூடும்போது அதனடியில் சிறைப்படும் சின்னஞ்சிறு காற்றுக் குமிழ் துடிப்பதுவே ஒலி. அந்தக் குமிழ் மேலேயுள்ள நீர்ப்பரப்பையும் தன்னோடு துடிக்கவைப்பதால் ஒலி அறை முழுதும் கேட்கிறது. எல்லாத் துளிகளும் ஒலிப்பதில்லை. தக்க பருமனும் வேகமும் வாய்த்தவையே குமிழைச் சிறைப்பிடிக்கும். ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழ் விநாடிக்கு ஏறத்தாழ 3,300 தடவை துடிக்கும் என்பதை மின்னார்ட் என்னும் டச்சு விஞ்ஞானி 1933-ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டுச் சொல்லியிருந்தார்.

டிகாக்ஷன் இறங்கிவிட்டது, பால் பொங்கிவிட்டது, இனி டபராவும் தம்ளரும். உயரத் தூக்கி ஆற்றும்போது பானம் மெல்லிய தாரையாக நீண்டு, காற்றோடு பழகும் பரப்பு பலமடங்காகி, உஷ்ணம் விரைவாகக் குறைகிறது. தாரை இழுத்துச்செல்லும் காற்றைப் பாலின் புரதங்கள் சவ்வுபோல் சூழ்ந்து நுரையாக நிறுத்திவைக்கின்றன. அதே புரதங்கள் காப்பியிலுள்ள துவர்ப்புப் பொருள்களையும் பற்றிக்கொண்டு நாவைக் காக்கின்றன. இந்த ஆற்றும் ஓசையிலேயே காப்பியின் சூட்டைச் சொல்லிவிடும் பாட்டிமார் உண்டு. இதில் மாயம் ஏதுமில்லை. எண்பது டிகிரி உஷ்ணமுள்ள நீரின் பிசுபிசுப்பு, இருபது டிகிரியில் உள்ள நீரின் பிசுபிசுப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே சுடுநீர் சிதறும் விதமும் அதில் குமிழ்கள் பிறக்கும் விதமும் வேறு, எழும் சப்தமும் வேறு. கண்ணை மூடிக்கொண்டு ஊற்றும் ஓசையை மாத்திரம் கேட்டவர்களிற் பெரும்பாலோர், சுடுநீர் எது, குளிர்ந்த நீர் எது என்று சரியாகச் சொன்னதாக 2013-ஆம் ஆண்டில் வெளியான ஒரு சோதனை காட்டுகிறது. சொன்னவர்களுக்குத் தமக்கு இந்த ஞானம் உண்டு என்பதே அதுவரை தெரியாது.

தம்ளர் நிரம்பும்போது அதன் ஒலி மேலே மேலே ஏறுவதை எல்லோரும் அறிவர். தம்ளருக்குள் எஞ்சியுள்ள காற்றே அங்கே ஒலிப்பது. காப்பி ஏற ஏறக் காற்றின் நீளம் குறைகிறது, சுருதி உயருகிறது. நான்கு அங்குல ஆழமுள்ள தம்ளர் பாதி நிரம்பும்போது ஒலி ஏறக்குறைய ஆதார ஸட்ஜத்திலிருந்து மேல் ஸட்ஜத்தை நெருங்கும். வாயருகே உள்ள காற்றும் கொஞ்சம் சேர்ந்து ஆடுவதால் அதைச் சரியாக எட்டாமல் சற்றுக் கீழே நின்றுவிடும். இப்போது அதே தம்ளரின் விளிம்பை ஒரு கரண்டியால் தட்டிப்பாருங்கள்: காலித் தம்ளர் உயர்ந்த சுருதியிலும் நிறைந்த தம்ளர் தாழ்ந்த சுருதியிலும் ஒலிக்கும். ஊற்றும்போது ஏறியது, தட்டும்போது இறங்குகிறது! இங்கே அதிர்வது காற்றன்று, தம்ளரின் சுவர். உள்ளேயுள்ள திரவத்தின் பாரத்தையும் சுமந்துகொண்டு அது ஆடவேண்டியிருப்பதால் ஆட்டம் மந்தமாகிறது. ஜலதரங்கக் கலைஞர் கச்சேரிக்கு முன் பீங்கான் கிண்ணங்களில் கரண்டி கரண்டியாக நீர் சேர்த்தும் எடுத்தும் சுருதி கூட்டுவது இந்த நியதியைக் கொண்டுதான். புல்லாங்குழலின் தத்துவமும் ஜலதரங்கத்தின் தத்துவமும் ஒரே காப்பித் தம்ளரில் குடியிருப்பதை எண்ணும்போதெல்லாம் எனக்குச் சொல்லொணா மகிழ்ச்சி உண்டாகிறது.

குழந்தைகள் உள்ள வீட்டில் செய்துபார்க்கத் தக்க இன்னொரு வேடிக்கையும் உண்டு. உயரமான பீங்கான் கோப்பையில் சூடான பாலை ஊற்றி, சாக்லேட் பொடியையோ உடனடிக் காப்பித் தூளையோ போட்டு வேகமாகக் கலக்கிவிட்டு, கரண்டியின் முனையால் கோப்பையின் அடிப்பாகத்தை உட்புறமாகத் தட்டிக்கொண்டே இருங்கள். தட்டும் வேகமும் பலமும் மாறாதிருக்க, சுருதி மட்டும் ஸ்வரம் ஸ்வரமாக ஏறிக்கொண்டே போகும். மறுபடி கலக்கினால் மறுபடி கீழிறங்கி ஏறும். கலிபோர்னியாவின் பெர்க்லி நகரத்துப் பௌதிகப் பேராசிரியர் பிராங்க் கிராபோர்டு 1982-ஆம் ஆண்டில் இதை ஆராய்ந்து எழுதினார். சுத்தமான நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,480 மீட்டர் வேகத்தில் செல்கிறது. பொடியோடு வந்த நுண்ணிய காற்றுக் குமிழ்கள் நிறைந்திருக்கும்போதோ அந்த வேகம் வெகுவாகக் குன்றிவிடுகிறது. குமிழ்கள் வெளியேற வெளியேற வேகம் மீளுகிறது, சுருதியும் ஏறுகிறது.

பானத்தில் சங்கீதம் இருப்பது ஒருபுறம் இருக்கட்டும். சங்கீதம் பானத்தின் சுவையை மாற்றுமா? மாற்றும் என்பதே விஞ்ஞானிகளின் பதில், ஆனால் சிறிதளவே. ஆக்ஸ்போர்டில் சார்லஸ் ஸ்பென்ஸ் என்பவரின் ஆராய்ச்சிக்கூடத்தில், கசப்பும் இனிப்பும் கலந்த ஒரு மிட்டாயைச் சிலருக்குக் கொடுத்து, உயர்ந்த சுருதியிலுள்ள இசையையும் தாழ்ந்த சுருதியிலுள்ள கனத்த இசையையும் மாற்றி மாற்றிக் கேட்கச்செய்தார்கள். தாழ்ந்த இசையோடு தின்றபோது அதே மிட்டாய் கூடுதலாகக் கசந்ததாக அவர்கள் மதிப்பிட்டார்கள். எடின்பரோவில் ஏட்ரியன் நார்த் என்பவர் 2012-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒரே திராட்சை ரசத்தைக் கம்பீரமான இசையோடு பருகியவர்கள் கம்பீரமான ரசம் என்றும், மென்மையான இசையோடு பருகியவர்கள் மென்மையான ரசம் என்றும் வர்ணித்தார்கள். காதுக்கு வந்த பண்பு நாவுக்கும் இடம்மாறிவிட்டது. இரைச்சலோ இதைவிடக் கடுமையான கை வைக்கிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2015-ஆம் ஆண்டில், விமானத்துக்குள் கேட்பது போன்ற 85 டெசிபெல் இரைச்சலைக் காதில் ஒலிக்கச்செய்து சுவையைச் சோதித்தபோது, இனிப்பின் உணர்ச்சி மங்கியது. தக்காளி போன்றவற்றில் உள்ள உமாமிச் சுவையின் உணர்ச்சி, அது செறிவாக இருந்தபோது, மிகுந்தது. விமானப் பயணிகள் தக்காளிச் சாற்றை விரும்பிக் கேட்பதற்கு இதுவே காரணமாயிருக்கலாம் என்பார்கள். ஆரம்பத்தில் சொன்ன பறையின் தந்திக்கு இதில் பங்கு உண்டு என்று ஊகிக்கவும் செய்கிறார்கள். ஊகம் மெய்ப்பட்டாலும் படாவிட்டாலும், கூம்பு ஒலிபெருக்கி போன்று ரேடியோவை அலறவிட்டுக்கொண்டு காப்பியில் சர்க்கரை போதவில்லை என்று குறைப்படுவதில் நியாயமில்லை. திருகாணியைக் கொஞ்சம் குறைத்தால் காப்பியும் இனிக்கும், தம்பூராவும் கேட்கும்.

கோடைகாலத்தில் காப்பியை விட்டு நீர்மோருக்கும் நன்னாரி சர்பத்துக்கும் மனம் போவது இயற்கை. அப்போது பனிக்கட்டியை மட்டும் தவிர்க்கும்படி கேட்டுக்கொள்வேன். இனிப்பை உணரும் அணுக்களில் உள்ள ஒரு வாயில் பதினைந்து டிகிரியிலிருந்து முப்பத்தைந்து டிகிரி வரை உஷ்ணம் ஏற ஏற வெகுவாகத் திறந்துகொள்கிறது என்று பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2005-ஆம் ஆண்டில் கண்டார்கள். ஆகவே பனிக்கட்டி மிதக்கும் சர்பத்தில் இனிப்பு மறைந்துகொள்கிறது. நாம் மேலும் சர்க்கரை சேர்க்கிறோம். அதோடு, உறைந்த கட்டி திடீரென்று வெப்பமான நீரில் விழும்போது மேற்புறம் விரிந்து உட்புறம் விரியாமல் படீரென்று வெடிக்கும். பிறகு தம்ளரில் மோதிச் சலசலக்கும். மண்பானை அந்தத் தொல்லை தருவதில்லை. பானையின் நுண்துளைகளில் கசிந்து ஆவியாகும் ஒவ்வொரு கிராம் நீரும் இரண்டாயிரம் ஜூலுக்கு மேற்பட்ட வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. அப்படிச் சத்தமின்றிக் குளிர்ந்த மோர், புல்லாங்குழல் ஆலாபனைக்கு ஏற்றது.

காப்பியின் முக்கியமான செயல் நாவிலன்று, மூளையில் நடக்கிறது. கவிஞர் கதே ஒரு பிடி காப்பிக்கொட்டையைக் கையில் கொடுத்து ஆராயும்படி தூண்ட, ருங்கே என்னும் இளம் ஜெர்மானிய இரசாயன நிபுணர் 1819-ஆம் ஆண்டில் அதிலிருந்து பிரித்தெடுத்த வஸ்துவே காஃபீன். நாம் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்துகொண்டே வந்து, அதற்கென அமைந்த ஆசனங்களில் அமர்ந்து, களைப்பை உண்டாக்குகிறது. உருவில் அதைப் போன்ற காஃபீன் முந்திக்கொண்டு அந்த ஆசனங்களில் உட்கார்ந்துவிடுகிறது. களைப்பு ஒழிவதில்லை, அதன் செய்தி தாமதப்படுகிறது. குடித்த அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் இரத்தத்தில் காஃபீன் உச்சத்தை அடைகிறது.

இப்போது கச்சேரியின் அமைப்பை நினைத்துப் பாருங்கள். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் நிலைநிறுத்திய பத்ததியில் வர்ணம் முதலில் வருகிறது. விறுவிறுப்பான சிறு கிருதிகள் தொடர்கின்றன. பிறகுதான் பிரதான ராகத்தின் விஸ்தாரமான ஆலாபனை, நிரவல், ஸ்வரம், தனி ஆவர்த்தனம். வர்ணத்தின்போது குடித்த காப்பி, பிரதான ராகம் எடுக்கும் வேளையில் தன் முழு வேலையைச் செய்துகொண்டிருக்கும்! கவனம் மிகுதியாகத் தேவைப்படும் இடமும் அதுவே. மாண்ட்ரியல் நகரத்தின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வாலரி சாலிம்பூர், ராபர்ட் ஸடோர் முதலியோர் 2011-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, மயிர்க்கூச்செறியச் செய்யும் இசையைக் கேட்பவரின் மூளையில் டோபமைன் சுரப்பது இரண்டு கட்டங்களில், இரண்டு வெவ்வேறு இடங்களில்: உச்சம் வருவதற்குச் சில விநாடிகள் முன்னதாக, எதிர்பார்ப்பின்போது ஓரிடத்தில், உச்சத்தின்போது மற்றோரிடத்தில். மூன்று முறை வரும் கோர்வை எடுப்பில் வந்து இறங்கப்போகிறது என்று நம் கை தானாகவே தொடையில் தாளம் போடும் அந்தக் கணமே முதற்கட்டம். அதைத் தவறவிடுபவன் பாதிச் சங்கீதத்தைத் தவறவிடுகிறான். தனி ஆவர்த்தனம் தொடங்கியபின் காப்பிக்கு எழுந்து போவதைப்போன்ற தலைகீழ்க் காரியம் வேறில்லை என்று நான் கருதுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மது அருந்திக்கொண்டு இசை கேட்பதை மேனாட்டார் பெரிதும் போற்றுவர். செவித்திறனை ஆராய்ந்தவர்களோ, மது அருந்தியவருக்கு மெல்லிய ஒலிகள், விசேஷமாகத் தாழ்ந்த சுருதியுள்ள ஒலிகள், சில மணி நேரத்துக்குக் கேட்காமற் போகின்றன என்று கண்டிருக்கிறார்கள். மிருதங்கத்தின் தொப்பியும் தம்பூராவின் மந்தர ஸட்ஜமும் அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. நான் அதை இந்தப் பட்டியலில் சேர்க்காததற்கு வேறு நியாயம் தேடவேண்டியதில்லை.

இரவுக் கச்சேரிக்குக் காப்பியும் ஆகாது. உடலுக்குள் புகுந்த காஃபீனில் பாதி வெளியேற, ஆளுக்கு ஆள் மாறுபட்டாலும், சுமார் ஐந்து மணி நேரமாகிறது. ஒன்பதரை மணிக்குக் குடித்தால் பின்னிரவு இரண்டரை மணிக்கும் அதில் பாதி இரத்தத்தில் விழித்திருக்கும். 1952-ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலி சங்கீதத்துக்கென்று தொடங்கிய தேசிய நிகழ்ச்சி சனிக்கிழமை இரவுகளில் ஒலிபரப்பான அந்த நாட்களில், எங்கள் வீட்டில் என் தாயார் கொண்டுவந்து வைத்தது சுக்கு மல்லிக் காப்பிதான். காப்பி என்பது பெயரில் மட்டுமே. இஞ்சி உலர்ந்து சுக்காகும்போது அதிலுள்ள காரப்பொருளான ஜிஞ்ஜெராலின் ஒரு பகுதி நீரை இழந்து ஷோகாலாக மாறுகிறது. ஷோகால் இன்னும் காரமானது. கொதிநீர் பட்டால் எந்த உணர்வாயில் திறக்குமோ அதே வாயிலை அது திறந்துவிடுவதால், பானம் ஆறிய பின்னும் தொண்டையில் சூடு நிற்கிறது. இந்தச் சூட்டின் செய்தி பறையின் தந்தி வழியாகப் போவதில்லை. வலியையும் வெப்பத்தையும் சுமக்கும் வேறொரு நரம்பின் வழியாகப் போகிறது. கருப்பட்டியின் இனிப்பு மட்டும் செவிப்பறையை உரசிச் செல்கிறது.

அந்நாளைய ரேடியோவின் வால்வுகள் சூடேற அரை நிமிஷம் ஆகும். அந்த அரை நிமிஷத்தில் அப்பா தம்ளரை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, மஞ்சளாக ஒளிரும் அலைவரிசைத் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். மங்களம் பாடி முடிந்து, திருகாணியைத் திருப்பி, வெளிச்சம் மெல்ல அணைந்த பிறகு, சமையலறையிலிருந்து தாயார் மறுநாள் காலைக்கு என்று போட்டுவைத்த பில்டரின் துளிகள் ஒன்றிரண்டு விழும் சப்தம் கூடம் வரைக்கும் கேட்கும். நான்கு துளிக்கு ஒரு துளிதான் ஒலிக்கும். மற்றவை குமிழைப் பிடிக்காமலே கலந்துபோகும்.